ஒரு பராமரிப்பாளருக்கு அனுமதி உண்டு

"கழகத்துக்கு எழுத்து மூலம் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முறையீட்டுக்கும், அது கிடைத்த பதினான்கு வேலை நாட்களுக்குள், அனுப்பியவரின் முகவரிக்கு எழுத்து மூலம் பதில் அனுப்பப்படும்." வாடிக்கையாளர் சாசனம், நான்காவது வாக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கின் நகராண்மைக் கழகங்களில் ஒன்றில், வரவேற்புக் கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இன்றும் அது தொங்குகிறது. எந்தக் கழகம் என்று சொல்லப்போவதில்லை. பணி ஓய்வு பெற்றவனுக்கும் வாயைக் கட்டும் விதி ஒன்று உண்டு. அதன் எண்கூட எனக்குத் தெரியும். அந்த நான்காவது வாக்கியத்தை எழுதியவன் நான். முதலில் "ஏழு வேலை நாட்கள்" என்றுதான் எழுதினேன். மேலிடத்தில் சிரித்தார்கள். இரண்டால் பெருக்கினேன்.

இதை எழுதும் அறையில், கதவுக்குப் பின்னால், ஓர் அலுமினியக் கைத்தடி சாய்ந்து நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடையில் வாங்கியது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பொத்தான் உண்டு. அடியில் கறுப்பு ரப்பர். வாங்கிய அன்று எனக்கு இரண்டு கால்களும் நன்றாகத்தான் இருந்தன. கடைக்காரப் பெண் "எந்தக் கால் அங்கிள்?" என்று கேட்டாள். "இன்னும் முடிவு பண்ணலம்மா," என்றேன். அவள் சிரித்தாள். நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

அந்தக் கைத்தடியை எனக்கு வாங்க வைத்தவர் தேத்தண்ணி அக்கா. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றார்கள். பணியாளர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. துப்புரவுக் குத்தகை எடுத்த நிறுவனத்தின் ஆள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குத்தகை கை மாறும், அக்காவின் சட்டை நிறம் மாறும், தள்ளுவண்டி மட்டும் மாறாது. காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அதன் முன்சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் உரிமப் பிரிவு முழுவதும் பேனாவைக் கீழே வைக்கும். கண்ணாடிக் கிளாசுகளைச் சாசரால் மூடி ஒவ்வொரு மேசையிலும் வைத்துக்கொண்டே போவார். யாருக்கு நீரிழிவு, யார் அதை மறைத்துச் சீனி கூடக் கேட்கிறார், எந்த அதிகாரி மனைவியோடு சண்டை போட்டுவிட்டுப் பசியோடு வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இவற்றைவிட ஆபத்தான ஒன்றும் அவருக்குத் தெரியும். கோப்புகளை அவர் தொடமாட்டார், அனுமதியில்லை. ஆனால் மேசையில் இடமில்லாதபோது கிளாசை எந்தக் கோப்பின்மேல் வைத்தோம் என்று நினைவில் வைத்திருப்பார். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், அந்த மூலை மேசைல பச்சக் கோப்பு மூணு வாரமா அதே எடத்துல கெடக்குது. அது மேலதான் நான் கிளாஸ் வெக்கிறேன்." போய் எடுத்துப் பார்த்தேன். அட்டையில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தேநீர் வட்டங்கள். உள்ளே, கணவனை இழந்த ஒரு பெண்ணின் அங்காடிக் கடை உரிமம். அன்று மாலையே கையெழுத்தாயிற்று. அதன் பிறகு எந்தக் கோப்பு தூங்குகிறது என்று மாதம் ஒருமுறை அவரிடம் விசாரிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எங்களிடம் உள்தணிக்கைப் பிரிவு என்று ஒன்றும் இருந்தது. அதற்குக் குளிர்சாதன அறை தனி.

கடைசியாகக் குத்தகை மாறியபோது, புதிய நிறுவனம் அறுபதைத் தாண்டியவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. பிரிவுபசார விருந்து கழகப் பணியாளர்களுக்கு மட்டும் என்பது நலச் சங்கத்தின் விதி. சங்கச் செயலாளர் நான். விதிப்படி நடந்துகொண்டேன். இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களுக்குத் தேநீர் கொடுத்தவர் ஒரு வெள்ளிக்கிழமை தள்ளுவண்டியைச் சரக்கறையில் நிறுத்திவிட்டு, திங்கட்கிழமைக்கான கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பேருந்து ஏறிப் போய்விட்டார்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு அவரை மறுபடியும் பார்த்தேன். எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே, திடலுக்கு அப்பால், மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடி வீடுகள் உண்டு. அங்குள்ள குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு மனு எழுதித் தரப் போயிருந்தேன். எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணியை ஊர் சும்மா விடுவதில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில், படிக்கட்டில், பாசார் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வழிவிட எழப் பார்த்தார், எழ முடியவில்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவசரம் இல்ல சார்," என்றார். "வீடு எங்கயும் ஓடாது."

அவர் வீடு நான்காம் மாடியில். தரையிலிருந்து வாசல் வரை எழுபத்திரண்டு படிகள். எண்ணிச் சொன்னார். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. காலையில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் வேலை இன்னும் இருந்தது. போய்த் திரும்பி மேலே ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஜொகூரில் இருக்கும் மகள் தன் தரைவீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் கெடுவும் வைத்துவிட்டாள்: வருகிற பொங்கலுக்கு நான் வரும்போது எழுபத்திரண்டு படியையும் உட்காராமல் ஏறிக் காட்டு, இல்லையென்றால் சாமானைக் கட்டு. நல்ல மகள்தான், நல்ல வீடுதான் என்றேன். அக்கா முருங்கைக்காயைப் பைக்குள் திணித்துக்கொண்டே சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அவ வீட்டுல எனக்கு ரூம் இருக்கு சார். சாவி இல்ல."

அரசு மருத்துவமனையில் உடல் இயக்கப் பயிற்சி தரும் பெண், மூட்டைவிடத் தொடைத் தசைதான் மோசம் என்று சொல்லியிருந்தார். உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளும் இயந்திரத்தில் வாரம் மூன்று நாள் பழகினால் படி ஏறலாம். ஆனால் மருத்துவமனையில் அந்த இயந்திரத்துக்கு அவர் முறை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். வெளியே ஏதாவது ஜிம்மில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றாராம், கடையில் உப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதைப்போல.

சேரத்தான் போனோம். முதலில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடிக்குள் இருந்த ஜிம். உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள். அதன் பிறகு கடன் அட்டை கேட்டார்கள். பன்னிரண்டு மாத ஒப்பந்தம், பாதியில் விலகினால் தண்டம், மாதாமாதம் வங்கியிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளச் சம்மதம். அக்காவிடம் கடன் அட்டை இல்லை. இருந்திருந்தாலும் அவர்களுடைய கட்டணத்தைக் கட்டிவிட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும். விற்பனையாளர் விடவில்லை. நீராவிக் குளியல் அறையும் இதில் அடக்கம் ஆன்டி, என்றார். அக்கா துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இருபத்திரண்டு வருஷம் கெட்டில் முன்னாடி நின்னவ தம்பி நானு. நீராவிக்கு நான் காசு கட்டணுமா?"

அடுத்து, எங்கள் திடலோரத்தில் கழகம் நடத்தும் பலநோக்கு மண்டபம். அதன் தரைத்தளத்தில் ஒரு சிறிய உடற்பயிற்சிக் கூடம். மூத்த குடிமக்களுக்கு மாதக் கட்டணம் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தேநீரும் சாப்பிடும் செலவுதான். காலால் தள்ளும் இயந்திரம் இரண்டு இருந்தன. அக்காவின் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஊரில் உள்ள எளியவர்களுக்காக, ஊர்ப் பணத்தில், ஊர் நடுவில் கட்டியது. பொறுப்பாளர், நாற்பது வயதுக்காரர், எங்களை உட்காரவைத்து மரியாதையாகப் பேசினார். பிறகு சுவரைக் காட்டினார். சுவரில் பிளாஸ்டிக் உறையில் விதிகள். ஒன்பதாவது விதி இது: "உறுப்பினர் இப்பகுதியில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். வசிப்பிடச் சான்றாக, விண்ணப்பதாரரின் பெயரில் உள்ள தண்ணீர் அல்லது மின்சார பில், அல்லது கழகம் விண்ணப்பதாரரின் பெயரிட்டு அம்முகவரிக்கு அனுப்பிய கடிதம் காட்டப்பட வேண்டும். அடையாள அட்டை மட்டும் போதாது."

அக்கா வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரர் சுங்கை பூலோவில். பில் எல்லாம் அவர் பெயரில்தான். வாடகைக்கு ரசீது தராதவர், பில்லில் வேறு பெயரை எழுதச் சம்மதிப்பாரா? வரி இலாகா மோப்பம் பிடித்துவிடும் என்று பயம். அந்த அடுக்குமாடியில் பாதிக்கு மேல் இப்படித்தான். உணவகத்தில் வேலை செய்பவர்கள், காவலாளிகள், வீட்டுக்காரரின் பெயரில் தண்ணீர் குடிப்பவர்கள். அடையாள அட்டையில் முகவரியை மாற்றலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தோம். பதிவு இலாகாவில் அரை நாள் உட்கார்ந்து, காப்பார் தோட்டத்துப் பழைய முகவரியை நீக்கி இந்த முகவரியைப் போட்டுக்கொண்டு வந்தோம். பொறுப்பாளர் வருத்தத்தோடு கடைசி வாக்கியத்தில் விரல் வைத்தார். அடையாள அட்டை மட்டும் போதாது.

அக்கா விதியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத யாரு சார் எழுதுனது? நல்லா எழுதியிருக்கான். எலி கூட நொழைய முடியாது," என்றார்.

நான்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? மண்டபம் திறந்த புதிதில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துக் கொண்டோமினியத்திலிருந்து காரில் வந்து இறங்கியவர்கள் கூடத்தை நிறைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் இங்கே பிறந்து வளர்ந்து வசதியானதும் போனவர்கள். அடையாள அட்டையில் இந்த ஊர் முகவரிதான் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் புகார் செய்தார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, மதியத்துக்குள் ஒரு விதி வேண்டும் என்றார். எளியவர்களைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டு எழுதினேன். தன் பெயரில் பில் இல்லாமல் ஒருவர் ஒரு வீட்டில் ஆண்டுக்கணக்காக வாழ முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சொந்த வீடு. மாதம் தவறாமல் என் பெயரில் பில் வரும். இதையெல்லாம் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப நான் வெச்ச தேத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் எழுதியிருக்கீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து, பழைய பெட்டியிலிருந்து விதிகளின் என் பிரதியை எடுத்து மேசையில் விரித்தேன். ஓட்டை இல்லாத விதியை எந்தக் கிராணியும் எழுதியதில்லை. எழுதியவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சற்றுக் குறைவான நேரம் ஆகும், அவ்வளவுதான். இரண்டு கிடைத்தன.

முதலாவது, ஒன்பதாவது விதிக்குள்ளேயே இருந்தது. கழகம் அவர் பெயரிட்டு அனுப்பிய கடிதம். வீட்டு வரி நோட்டீஸ் வைத்திருப்பவர்களுக்காகச் சேர்த்த சொற்கள் அவை. ஆனால் என்ன கடிதம் என்று நான் எழுதவில்லை. எனவே, கூடத்தில் சேர்க்க மறுத்ததைப் பற்றி அக்கா கழகத்துக்கு ஒரு முறையீடு அனுப்ப வேண்டும். கழகம் சாசனப்படி பதினான்கு வேலை நாட்களில் பதில் எழுத வேண்டும். பதில் என்னவாக இருந்தாலும் சரி, அது அவர் பெயருக்கு, அவர் வாசலுக்கு வந்த கழகக் கடிதம். முடியாது என்று எழுதினாலும் அது முடியும் என்றுதான் பொருள். அக்காவுக்கு இதை விளக்கியபோது அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சுதந்திர தின விடுமுறை முடிந்த வாரம், முறையீட்டைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். தமிழில் கையெழுத்திட்டிருந்தார். பிரதியில் "பெறப்பட்டது" முத்திரை வாங்கினேன். பழைய முத்திரைதான், மை மட்டும் மங்கல்.

இரண்டாவது ஓட்டை பதினேழாவது விதியில்: "அறுபது வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர், தேவைப்பட்டால், ஒரு பராமரிப்பாளரை உடன் அழைத்து வரலாம். பராமரிப்பாளருக்குக் கட்டணம் இல்லை." தேவையை யார் தீர்மானிப்பது என்று அதில் இல்லை. பராமரிப்பாளர் உள்ளே வந்து என்ன செய்யக்கூடாது என்றும் இல்லை. இதையும் எழுதியவன் நானே. ஒன்பதாவது விதியில் எழுதியதற்காக வெட்கப்பட்டவன், பதினேழாவதில் எழுத மறந்ததற்காகக் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

அப்படித்தான் கைத்தடி வந்தது. நான் உறுப்பினர் ஆனேன். என் பெயரில்தான் பில் இருக்கிறதே. மறுநாள் காலை பத்தரைக்கு, கிளினிக் வேலை முடிந்து வந்த அக்காவின் தோளில் ஒரு கையும் தடியில் ஒரு கையுமாக உள்ளே நொண்டி நுழைந்தேன். பொறுப்பாளர் எழுந்து நின்றார். பதிவேட்டில் "பராமரிப்பாளர்" என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். பிறகு நான் பெஞ்சில் அமர்ந்து நாளிதழைப் பிரித்தேன். என் பராமரிப்பாளர் காலால் எடை தள்ளும் இயந்திரத்தில் ஏறி அமர்ந்தார். முதல் நாள் மிகக் குறைந்த எடையை எட்டு முறை தள்ளினார். எட்டாவது முறை அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தலையங்கத்தை இரண்டாம் முறை படித்தேன்.

நடிப்பு எனக்கு வராது. மூன்றாம் நாள் பொறுப்பாளர், "சார், நேத்து எடது கால்தான?" என்றார். வலி இடம் மாறும், மருத்துவத்தில் உள்ளதுதான் என்றேன். அக்கா அன்றிலிருந்து வாசலிலேயே கேட்டுவிடுவார்: "இன்னிக்கி எந்தக் கால் சார் நமக்கு?"

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தீபாவளிக்கு முன்பாக, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்ணைப் பராமரிப்பாளராக அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் உணவகத்தில் நாள் முழுக்க நிற்பவர், இடுப்பு வலி. இன்னொருவர் தன் மருமகளோடு வந்தார். வீட்டில் எந்த பில்லிலும் மருமகள் பெயர் இல்லை. கார்த்திகை பிறப்பதற்குள், காலை பத்தரை மணிக்கு அந்தக் கூடத்தின் காட்சி இப்படி ஆகிவிட்டது: சுவரோரப் பெஞ்சில் நாங்கள் ஆறு கிழவர்கள், ஆளுக்கொரு தடி, ஒரே நாளிதழை ஆறாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்போம். இயந்திரங்களில் எங்களைப் பராமரிக்க வந்த ஆறு பெண்கள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். கொண்டோமினியத்துக்காரர் யாராவது எட்டிப் பார்த்தால் அங்கே ஏதோ சிகிச்சை நடக்கிறது என்று எண்ணிப் போய்விடுவார். நடந்தது சிகிச்சைதான்.

ஆனால் பதில் வரவில்லை. பதினான்கு வேலை நாட்கள் போயின, தீபாவளி போயிற்று. நினைவூட்டல் கடிதம் எழுதினோம். அதற்கும் முத்திரை கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அக்காவுக்கு வியப்பே இல்லை. எந்த மேசையில் எவருடைய கிளாசுக்கு அடியில் கிடக்கிறதோ என்றார். இப்போது அங்கே காகிதக் கோப்பையில் இயந்திரம் தேநீர் ஊற்றுகிறதாம்; கோப்பு எவ்வளவு நாளாகத் தூங்குகிறது என்று சொல்ல ஆளில்லை.

ஒருநாள் கூடத்தில் இருக்கும்போது அக்காவின் கைப்பேசி அடித்தது. கழகத்தின் துணை இயக்குநர். நான் பணியில் இருந்தபோது பயிற்சிக்கு வந்த பெண்மணி. அக்கா கையால் தேநீர் குடித்தவர். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டு எனக்கும் கேட்கும்படி வைத்தார். குரலில் உண்மையான பாசம் இருந்தது. நீங்கள்தான் என்று தெரியாமல் போயிற்று அக்கா, பொறுப்பாளரிடம் நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பாட்டுக்கு வாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள், இதற்குப் போய்க் கடிதமெல்லாம் எதற்கு என்றார். ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் கையால் சைகை காட்டினேன். எனக்கு நொண்டி நொண்டி அலுத்துவிட்டிருந்தது.

"ரொம்ப நன்றி மேடம்," என்றார் அக்கா. "அதையே ஒரு கடுதாசில போட்டு அனுப்பிருங்க. முடியாதுன்னாலும் பரவால்ல. அதையும் கடுதாசிலயே போடுங்க."

கடிதம் என்றால் மேலே ஒப்புதல் வாங்க வேண்டும், நாளாகும் லா அக்கா, என்றது குரல். ஆகட்டும் என்று சொல்லி இவர் பேசியை வைத்துவிட்டார். நான் கடிந்துகொண்டேன். கிடைத்ததை எடுத்துக்கொள்வதை விட்டு என்ன பிடிவாதம் என்றேன். அவர் இயந்திரத்திலிருந்து இறங்கவில்லை. இன்னும் நான்கு முறை தள்ளி முடித்தார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கி அந்த மேடம் மாறிப் போயிருவாங்க. இந்த பொறுப்பாளரும் போயிருவாரு. அப்பறம் வர்றவன் என்னை யாருன்னு கேப்பான். இருபத்திரண்டு வருஷம் உங்க ஆபிசுல வாய்ப் பேச்சுலதான் இருந்தேன் சார். பேப்பர்ல நான் இல்ல. போற அன்னிக்கி ஒரு டீ கூட யாரும் எனக்கு ஊத்தல."

நலச் சங்கத்தின் முன்னாள் செயலாளர் நாளிதழை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

டிசம்பரில் கழகம் ஒருவழியாக எழுதியது. ஆனால் அக்காவுக்கு அல்ல, சுவருக்கு. "பராமரிப்பாளர்கள் உடற்பயிற்சி இயந்திரங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை" என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கையெழுத்து இல்லை, கோப்பு எண் இல்லை, தேதி இல்லை. பெண்கள் இயந்திரங்களின் பக்கத்தில் நின்றார்கள். பொறுப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் நொண்ட மறந்துவிட்டேன். நேராக நடந்துபோய், பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தத் தாளின் அடியிலேயே எழுதினேன்: "விதி இருபத்து மூன்று. திருத்தம் எதுவும் முழுக் கழகக் கூட்டத்தில் நிறைவேற்றி, முப்பது நாள் பார்வைக்கு வைத்த பின்னரே செல்லும்." அதன் கீழே என் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா ஏற்கெனவே இயந்திரத்தில் அமர்ந்து எடையை மாட்டிக்கொண்டிருந்தார். விதி எண்ணை நான் எழுதி முடிக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் அவரைப் பார்த்துத் தங்கள் தங்கள் இடத்தில் ஏறிக்கொண்டார்கள்.

மறுநாள் அந்தத் தாள் சுவரில் இல்லை. பொறுப்பாளர் அதைக் கிழித்து எறியவும் இல்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கோடு கிழித்து, பராமரிப்பாளர்களுக்கான வருகைப் பட்டியலாக ஆக்கியிருந்தார். நான் ஏறிட்டுப் பார்த்தேன். "எங்கம்மாவும் வாடகை வீடுதான் சார்," என்றார்.

பொங்கலன்று மகள் ஜொகூரிலிருந்து வந்தாள். சாமான் கட்ட அட்டைப் பெட்டிகளையும் காரில் கொண்டுவந்திருந்தாள். நான் கீழே நின்று பார்த்தேன். அக்கா ஒரு கையில் பாசார் பை, மறு கையில் கைப்பிடிக் கம்பி. அவசரப்படவில்லை. மகள் பின்னால் எண்ணிக்கொண்டே ஏறினாள். படிக்கட்டின் சிமெண்டு ஜன்னல் வழியாக எண்கள் எனக்குக் கேட்டன. முப்பத்தாறில், அந்த இரண்டாம் மாடித் திருப்பத்தில், எண்ணும் குரல் நின்றது. நின்றது தாயல்ல. அலுவலக நாற்காலியில் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நீ உக்காந்துட்டு வா. வீடு எங்கயும் ஓடாது."

பெட்டிகளை மகள் காரிலேயே திருப்பிக் கொண்டுபோனாள்.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. அக்கா அதைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். உறையின் மேல் அவர் முழுப்பெயர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், கழகத்தின் தாளில் அந்தப் பெயரை நான் பார்த்தது அன்றுதான். கீழே கட்டட எண், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, ஒன்றும் விடுபடவில்லை. உள்ளே மலாயில் மூன்று வரி. தங்கள் முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. விதி ஒன்பதின்கீழ் தங்கள் வசிப்பிடத்துக்குச் சான்று ஏதும் இல்லாததால் ஏற்க இயலவில்லை. வருந்துகிறோம்.

பொறுப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். உறையையும் தாளையும் நகல் எடுத்தார். இழுப்பறையிலிருந்து உறுப்பினர் படிவத்தை எடுத்து அக்கா பக்கம் தள்ளினார். வசிப்பிடச் சான்று என்ற கட்டத்தில், "கழகக் கடிதம், இணைக்கப்பட்டுள்ளது" என்று நானே எழுதினேன். என் பணிக்காலத்தில் அதைவிடச் சுத்தமாக ஒரு கட்டத்தை நான் நிரப்பியதில்லை. கடைசிக் கட்டம், பராமரிப்பாளர் தேவையா என்பது. தேவையில்லை என்று கோடு இழுக்கப் போனேன். அக்கா பேனாவைப் பிடித்து நிறுத்தினார். தன் எதிர்வீட்டில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கும் பெண்ணின் பெயரைச் சொன்னார். எழுதினேன்.

ஒன்பதாவது விதி இன்றும் மாறவில்லை. நாங்கள் அனுப்பிய திருத்த முன்மொழிவு கழகத்தில் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. ஆனால் அந்த அடுக்குமாடியிலிருந்து இப்போது வாரம் தவறாமல் யாராவது ஒருவர் கழகத்துக்கு முறையீடு எழுதுகிறார்கள்: தெருவிளக்கு, சாக்கடை, வாகன நிறுத்துமிடம், எதுவாக இருந்தாலும். பதில் வந்தவர்கள் உறுப்பினர் ஆகிறார்கள். வராதவர்கள் பராமரிப்பாளராக வந்துகொண்டிருக்கிறார்கள். தெருவிளக்குகளும் எரியத் தொடங்கிவிட்டன. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு இந்த வருடம் வலது முழங்கால் உண்மையாகவே போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து ஊரை ஏமாற்றியதற்குத் தண்டனை என்று மனைவி சொல்கிறாள். கதவுக்குப் பின்னால் இருக்கும் தடியை எடுத்துக்கொண்டு, தாராளமாக அதன்மேல் சாய்ந்து, கூடத்துக்குப் போகிறேன். முதல் நாள் அக்கா இயந்திரத்தில் இருந்தபடியே என் நடையை வாசலிலிருந்து கவனித்தார். "இப்பத்தான் சார் ஒழுங்கா நடிக்கிறீங்க," என்றார். இறங்கி வந்து, தான் தள்ளிய எடையில் பாதியைக் கழற்றிவிட்டு, என்னை அங்கே உட்காரவைத்தார்.

அந்தக் கடிதம் அவர் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. வந்த அன்றே மாட்டியது. என்னையும் மேலே வரச் சொல்லியிருந்தார். எழுபத்திரண்டு படியில் நான் இரண்டு முறை உட்கார்ந்தேன். தேத்தண்ணி கொடுத்தார். கிளாசை வைக்க மேசையில் இடமில்லை. கடிதம் விரித்துக் கிடந்தது. அவர் கிளாசை என் கையிலேயே கொடுத்தார். பிறகு, ஆபிசில் போடுவதுபோல மூலையில் "பெறப்பட்டது" போட்டுத் தேதியும் எழுதச் சொன்னார். முத்திரை இல்லாததால் கையால் எழுதினேன். தாளில் அச்சிட்டிருந்த தேதியைப் போடலாமா என்று கேட்டேன். அது அவர்கள் தேதி, எனக்கு வந்த தேதியை, நான் மறக்காத மாதிரி போடுங்கள் என்றார். போட்டேன்.

பெறப்பட்டது: தைப்பூசத்துக்கு மறுநாள்.